எழுத்து மாறுவதும் ஆள் மாறுவதும்

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொல்லும் அதே வாய், இருபது ஆண்டுகளுக்குப் பின் கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் ஒருவரைப் பார்த்து, "ஆள் முந்தின மாதிரி இல்லை, முழுக்க மாறிப்போட்டார்" என்றும் சொல்லிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் இவ்விரண்டையும் ஒரே மாலையில், ஒரே திண்ணையில், ஒரே ஆளிடமிருந்து கேட்கலாம். எவரும் அதை முரண்பாடாக எடுத்துக்கொள்வதில்லை. ஆளுமையை ஆராயும் உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்த இரண்டு கூற்றுகளுக்கும் இடையிலான தூரத்தைத்தான் அளந்துவருகிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடத்தில் ஒரே காலத்தில் உண்மையாயிருக்கலாம் என்பது அவர்களது தரவுகளிலிருந்து இப்போது ஓரளவு தெளிவாகத் தெரிகிறது.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்தது கைத்தொலைபேசி வழியாக. என் அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதிவிட்டு வீட்டிலிருந்த நாள்களில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆளுமை வினாக்கொத்து ஒன்றை நிரப்பினான். 'ஐ.என்.எவ்.பி.' என்று நான்கு ஆங்கில எழுத்துகள் வந்தன; ஒவ்வொன்றும் ஒரு குணத்தைக் குறிப்பது. அதாவது முதல் எழுத்தின்படி அவன் அகநோக்குடையவன், கூட்டத்தைவிடத் தனிமையை நாடுபவன். பின்னர் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்து, வெள்ளவத்தையில் மூன்று பேருடன் ஓர் அறையைப் பகிர்ந்து, ஐந்து மாதம் கழித்து அதே வினாக்கொத்தை நிரப்பியபோது முதல் எழுத்து 'ஈ' ஆகிவிட்டது, புறநோக்குடையவன். "மாமா, நான் மாறிட்டனா, இல்லாட்டி ரெஸ்ற் பிழையா?" என்று கேட்டான். இரண்டு பெறுபேறுகளையும் ஸ்கிறீன்சொட்டாக வைத்திருந்தான். முதலாவதில் அகநோக்கு 54 சதவீதம். இரண்டாவதில் புறநோக்கு 52 சதவீதம். நூறு புள்ளிக் கோட்டில் அவன் நகர்ந்தது ஆறு புள்ளி. எழுத்தோ தலைகீழாகிவிட்டது.

வினாக்களையும் வாசித்துப் பார்த்தேன். முன்பின் அறியாதவர்கள் கூடியிருக்கும் விருந்தில் நீங்களாகச் சென்று பேச்சைத் தொடங்குவீர்களா என்பது அவற்றுள் ஒன்று. முதல் முறை இதற்கு விடை சொன்னபோது அவன் மனத்தில் விருந்து என்று தோன்றியது கலியாண வீடும் அந்தியேட்டிச் சாப்பாடும். அங்கே முன்பின் அறியாதவர் என்று எவரும் இல்லை, "தம்பி ஆற்றை மகன்?" என்று யாராவது ஒரு பெரியவர் கேட்டுவிடுவார், பிறகு பேச்சு தானாக ஓடும். பிள்ளை வாய் திறக்கவேண்டிய தேவையே எழுவதில்லை. இரண்டாம் முறை அவன் நினைத்தது அலுவலகத்தார் ஒன்றுகூடிய இரவு விருந்தை. வினா ஒன்றுதான்; அவன் அளந்து சொன்ன கூட்டங்கள் இரண்டு.

இந்த எழுத்துகளின் மூலம் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த உளமருத்துவர் கார்ல் யுங். மனத்தின் ஆற்றல் உள்நோக்கித் திரும்புவதையும் வெளிநோக்கித் திரும்புவதையும் இரு மனப்பாங்குகளாக அவர் 1921 இல் வெளியிட்ட நூலில் வகுத்தார். அவரது எண்ணத்தில் இவை அசையாத சிறைக்கூடங்கள் அல்ல; வாழ்வின் முற்பகுதியில் ஒதுங்கிக் கிடந்த பக்கம் பிற்பகுதியில் தலைதூக்கலாம் என்பது அவரது கோட்பாட்டின் முக்கியமான ஒரு பகுதி. அமெரிக்காவில் கதரின் பிரிக்ஸும் அவரது மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் அந்தக் கோட்பாட்டை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு வினாக்கொத்தாக மாற்றினர். இருவரும் உளவியலை முறையாகக் கற்றவர்கள் அல்லர். அகநோக்கு, புறநோக்கு போன்ற எதிரெதிரான குணங்களின் நான்கு இரட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம், ஆக மொத்தம் 16 வகைகள். இவர்களது கைக்கு வந்தபின் கோட்பாடு இறுகியது. வகை பிறவியிலேயே அமைந்தது, அது மாறாது. பெறுபேறு மாறினால் விடையளித்தவர் தன் உண்மையான வகையை இன்னும் கண்டறியவில்லை என்பதே பொருள் என்றார்கள். இந்த வாதத்தில் ஒரு வசதி இருக்கிறது: வினாக்கொத்து எதைக் காட்டினாலும் கோட்பாடு தப்பிவிடும். அந்த வசதியே என்னைச் சந்தேகப்பட வைக்கிறது.

பெறுபேறு மாறுவது அரிதான நிகழ்வும் அல்ல. இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர் டேவிட் பிற்றென்ஜர் 1993 இல் எழுதியபோது, ஐந்து வார இடைவெளியில் மறுபடி நிரப்பியவர்களுள் பாதிப் பேர் வரை வேறொரு வகைக்குள் விழுந்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். ஐந்து வாரத்தில் பாதி ஊரின் சுபாவம் மாறிவிடாது. ஆனால் கணக்கு இதைச் சுலபமாக விளக்கிவிடுகிறது. ஓர் இரட்டையில் ஒருவர் மறுமுறையும் அதே பக்கத்தில் நிற்பதற்கான வாய்ப்பு 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்; அது மோசமான எண் அல்ல. நான்கு இரட்டைகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால், நான்கிலும் ஒருசேர அதே பக்கத்தில் நிற்பதற்கான வாய்ப்பு 0.85 ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது, அதாவது ஏறத்தாழ 52 சதவீதம். எஞ்சிய 48 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் எழுத்தாவது மாறியிருக்கும்.

அதற்கும் மேலான காரணம் கோடு கீறப்பட்ட இடம். அகநோக்கு, புறநோக்குப் புள்ளிகளைப் பெருந்தொகையானோரிடம் எடுத்துப் படம் வரைந்தால் இரண்டு மேடுகள் வருவதில்லை. நடுவில் ஒரே மேடுதான் வருகிறது. பெரும்பாலான மனிதர் கோட்டுக்கு அருகிலேயே குடியிருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையின் நடுவால் கிராம அலுவலர் பிரிவு ஒன்றின் எல்லை போகிறது. கிழக்குப் படலைக்காரர் ஒரு பிரிவு, மேற்குப் படலைக்காரர் அடுத்த பிரிவு. பதிவுக்கு வெவ்வேறு அலுவலகம். கிழக்குப் படலைக்காரர் எதிர்வளவை வாங்கிக்கொண்டு பத்து அடி தள்ளிக் குடிபோனால் அவரது பிரிவு மாறும். ஆனால் அவர் ஊர் மாறிவிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சித்த வைத்தியர் இந்தச் சிக்கலை அறிந்தே வைத்திருந்தனர் என்று தோன்றுகிறது. வாதம், பித்தம், கபம் என்று மூன்றோடு நிற்காமல், இரண்டு கலந்து நிற்பதைத் தொந்தம் என்றும், அதில் எது முந்துகிறது என்றும் பார்ப்பது அவர்களது வழக்கம். அவர்களது மருத்துவக் கோட்பாட்டை இங்கே நான் மதிப்பிட வரவில்லை. வகை பிரிப்பவர் கலப்புக்கும் ஒரு பெயர் வைத்திருப்பது நேர்மையான பழக்கம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆகவே எழுத்து மாறியதால் ஆள் மாறிவிட்டான் என்று கொள்ள முடியாது. அப்படியானால் ஆள் மாறுவதே இல்லையா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடுவோர் வகைகளைக் கைவிட்டு அளவுகளை எடுத்துக்கொண்டு நெடுங்காலமாகிறது. 1936 இல் உளவியலாளர்கள் கோர்டன் ஒல்போர்ட்டும் ஹென்றி ஒட்பேர்ட்டும் ஓர் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை வேறுபடுத்திச் சொல்லப் பயன்படும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினர். பின்வந்தோர் அவற்றைப் படிப்படியாகச் சுருக்கி ஐந்து பெரும் பண்புகளில் வந்து நின்றனர்: புதியவற்றுக்குத் திறந்த மனம், கடமையுணர்வு, புறமுகப் போக்கு, இணக்கம், உணர்ச்சித் தளம்பல். இந்த ஐந்திலும் எல்லோரும் ஏதோ ஓர் அளவில் இருக்கிறார்கள். எவரும் எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை. இந்த ஐந்தும் உலகம் முழுவதற்கும் பொருந்துமா என்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பொலிவியாவில் பயிரிட்டும் வேட்டையாடியும் வாழும் சிமானே மக்களுள் 632 பேரிடம் மைக்கல் கேர்வனும் சகாக்களும் நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஐந்தும் அதே வடிவில் தோன்றவில்லை. நாங்கள் அன்றாடம் புழங்கும் 'குணம்' என்ற சொல்லையே பாருங்கள்: பண்புக்கும் அதுதான், நோய் தீர்வதற்கும் அதுதான். 'அவருக்குக் குணம் வந்திட்டுது' என்று எங்களூரில் சொன்னால் காய்ச்சல் விட்டது என்று பொருள்.

மாற்றம் என்ற சொல்லுக்குள்ளும் இரண்டு கருத்துகள் ஒளிந்திருக்கின்றன. குழப்பத்தில் பாதி இதனால் வருகிறது. நாற்பது பேர் படித்த ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். முப்பது ஆண்டுகள் கழித்துப் பழைய மாணவர் ஒன்றுகூடலில் அவர்களைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லோரும் முன்பைவிடப் பொறுப்பாகவும் பொறுமையாகவும் இருப்பார்கள். இது வகுப்பின் சராசரி நகர்ந்த மாற்றம். ஆனால் அன்று அதிகம் கதைத்தவரே இன்றும் அதிகம் கதைப்பார். அன்று கொப்பி கட்டாமல் வந்தவரே இன்றும் அழைப்பிதழை வீட்டில் மறந்துவிட்டு வந்திருப்பார். இது வகுப்புக்குள்ளே வரிசை மாறாமை. எல்லாப் படகுகளும் பெருக்கில் உயர்ந்தாலும் எந்தப் பாய்மரம் நெட்டையானது என்பது மாறுவதில்லை.

வரிசையைப் பற்றி பிரென்ற் றொபேர்ட்ஸும் வென்டி டெல்வெக்கியோவும் 152 நெடுங்கால ஆய்வுகளைத் திரட்டி 2000 இல் வெளியிட்ட தொகுப்பில், ஏறத்தாழ ஏழு ஆண்டு இடைவெளிக்கான ஒப்புறவு எண் குழந்தைப் பருவத்தில் 0.31, பல்கலைக்கழக வயதில் 0.54, 30 வயதில் 0.64, 50 முதல் 70 வரையான வயதில் 0.74 எனப் படிப்படியாக ஏறுகிறது. 1 என்றால் வரிசை அப்படியே இருக்கிறது, 0 என்றால் முன்னைய வரிசைக்கும் பின்னையதற்கும் தொடர்பே இல்லை. வயது ஏற ஏற வரிசை இறுகுகிறது. ஆனால் எந்த வயதிலும் 1 ஐத் தொடவில்லை. 30 வயதில் குணம் சாந்து இறுகினாற்போல் இறுகிவிடும் என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் எழுதியது அந்த வகையில் பொருந்தவில்லை. சராசரியைப் பற்றி, 21 முதல் 60 வயது வரையான 132,515 பேரை வைத்து சஞ்சய் சிறிவாஸ்தவாவும் சகாக்களும் 2003 இல் வெளியிட்ட ஆய்வும், 92 ஆய்வுகளைத் திரட்டி றொபேர்ட்ஸ் குழுவினர் 2006 இல் வெளியிட்ட தொகுப்பும் ஒரே திசையைக் காட்டுகின்றன: கடமையுணர்வும் இணக்கமும் முப்பதுக்குப் பின்னும் கூடிக்கொண்டே போகின்றன. மாற்றம் மிக அதிகமாக நிகழும் காலம் பதின்ம வயதன்று, 20 இலிருந்து 40 வரை.

இந்த 2006 தொகுப்பில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. புறமுகப் போக்கு என்று ஒரே பெயரில் வழங்குவதை அவர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். கூட்டத்தில் தன் குரலை நிலைநாட்டும் துணிவு இளமையில் ஏறுகிறது; நாலு பேரோடு கலந்து கலகலப்பாக இருக்கும் ஆவல் அவ்வாறு ஏறுவதில்லை, முதுமையில் சற்று இறங்கவும் செய்கிறது. இளமையில் வாய் திறவாதிருந்து ஐம்பது வயதில் கோயில் பரிபாலன சபைக் கூட்டத்தில் மேசையில் தட்டிப் பேசுபவரும், கூட்டம் முடிந்ததும் எவரோடும் நில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுபவரும் ஒரே ஆளாக இருப்பது இதனால்தான். அவரைப் பார்த்து 'மாறிவிட்டார்' என்பவரும் சரி, 'மாறவில்லை' என்பவரும் சரி.

இறுக்கம், நெகிழ்வு ஆகிய இரண்டையும் மிக நீண்ட இடைவெளியில் சோதித்த ஆய்வு ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது. 1950 இல் 14 வயதுப் பிள்ளைகள் 1,208 பேரை அவர்களது ஆசிரியர்கள் தன்னம்பிக்கை, விடாமுயற்சி, மனநிலையின் சீர்மை, கடமையுணர்வு, தனித்துவம், கற்கும் ஆவல் என ஆறு பண்புகளில் மதிப்பிட்டிருந்தனர். 2012 இல், அவர்கள் 77 வயதை எட்டியபோது, 174 பேர் மீண்டும் மதிப்பிடப்பட்டனர். இம்முறை தாமே ஒரு முறையும், நன்கறிந்த ஒருவரால் ஒரு முறையும். 2016 இல் வெளிவந்த முடிவில், 63 ஆண்டு இடைவெளியில் பழைய மதிப்பீட்டுக்கும் புதியதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. மதிப்பிட்டவர் வெவ்வேறானவர் என்பதால் வரும் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த பின்னர்தான், மனநிலையின் சீர்மை ஒன்று மட்டும் நிலைத்திருந்தது தெரிந்தது.

மதிப்பிடுபவர் யார் என்ற அந்தக் குறிப்பை நான் இலேசாகக் கடக்க மாட்டேன். 1984 இல், அதே 14 வயதில், எனக்கு வழங்கப்பட்ட தேர்ச்சி அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. 1995 இடம்பெயர்வின்போது அம்மா ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் உறுதிகளோடு வைத்துத் தென்மராட்சிக்குக் காவிச் சென்ற கடதாசிகளுள் ஒன்று. வகுப்பாசிரியர் குறிப்பு என்ற கட்டத்தில், நீல மை வெளிறிப்போன எழுத்தில், 'அமைதியானவர். கூச்சம் அதிகம்.' என்றிருக்கிறது. வீட்டிலோ நான் வாயாடி என்றே பெயர் எடுத்திருந்தேன். பின்னர் நானும் ஆசிரியனாகி எத்தனையோ அறிக்கைகளில் அவ்வாறே எழுதினேன். அந்தக் கட்டத்துக்குள் நான்கு சொல்லுக்கு மேல் எழுத இடமும் இல்லை. ஆசிரியர் எழுதுவது பிள்ளை வகுப்பறையில் எப்படி என்பதை. குறிப்புப் பொருத்தம் பார்த்தபின் "பெடியன் எப்படி?" என்று அயலில் விசாரிப்பவர்களுக்குக் கிடைப்பதும் அத்தகைய பழைய அறிக்கைதான்: பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போனவனைப் பற்றி, முப்பத்திரண்டு வயதில், பதினெட்டு வயதுச் செய்தி. மாற்றம் மிக வேகமாக நடந்த ஆண்டுகள் அந்தச் செய்திக்குள் இல்லை.

எது மாற்றுகிறது? இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் பண்பு வேறுபாடுகளில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதத்தைப் பரம்பரைக்குக் கொடுக்கின்றன. எஞ்சியதில் தலைமேல் விழும் பொறுப்புக்குப் பெரிய பங்கு இருப்பதாகத் தெரிகிறது. 62 நாடுகளில் 884,328 பேரை வைத்து வீபகே பிளைடோர்ன் குழுவினர் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ந்தவருக்குரிய பொறுப்புகளை, குறிப்பாக வேலையை, இளவயதிலேயே ஏற்கும் நாடுகளில் ஆளுமையின் முதிர்ச்சியும் முன்கூட்டியே வருகிறது. தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை பத்தொன்பது வயதிலேயே 'பெரிய மனிசன் மாதிரி' ஆகிவிடுவதைக் கண்டவர்களுக்கு இது புதுமையாக இராது.

இவ்வளவும் சாதாரண காலத்து மாற்றம். யாழ்ப்பாணத்தில் 'ஆள் மாறிப்போட்டார்' என்ற சொல் பல வேளைகளில் குறிப்பது வேறொன்றை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் பேரழிவு அனுபவத்துக்குப் பின் நிலைத்துவிடும் ஆளுமை மாற்றம் என்று தனியாக ஒரு பிரிவு இருந்தது. உலகத்தின்மீது நம்பிக்கையின்மை, சமூகத்திலிருந்து ஒதுங்கல், வெறுமை, எப்போதும் ஆபத்து வரப்போவதுபோன்ற விழிப்பு, அந்நியமாதல் ஆகியவை அதன் அடையாளங்கள்; குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடித்திருக்க வேண்டும். 2022 இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு அந்தப் பிரிவை நீக்கிவிட்டு, சிக்கலான நெருக்கீட்டுப் பின்விளைவு என்ற பிரிவைக் கொண்டுவந்தது. அதாவது, இதை ஆளுமையின் மாற்றமாகப் பார்ப்பதா காயத்தின் தொடர்ச்சியாகப் பார்ப்பதா என்பதில் மருத்துவமே தன் கருத்தை நகர்த்தியிருக்கிறது. இங்கே நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், வடக்கில் போர் தனியாட்களை மட்டுமல்லாமல் சமூகத்தையே மாற்றியதை எழுதினார். சந்தேகம், மௌனம், பிறரில் தங்கியிருத்தல், செயலின்மை ஆகியவை அவர் பட்டியலிட்டவற்றுள் சில.

எங்கள் அயலில் ஒருவர் வாசிகசாலையில் பத்திரிகையை உரக்க வாசித்து வரிக்கு வரி விமர்சனம் சொல்பவராக இருந்தார். 1996 இல் தென்மராட்சியிலிருந்து திரும்பியபின் வாசிகசாலைப் பக்கம் அவர் போனதில்லை. யாராவது படலையைத் தட்டினால், முதலில் விறாந்தை விளக்கை அணைத்துவிட்டுத்தான் எழுந்து வருவார். நான்கெழுத்து வினாக்கொத்து அவர் கையில் கிடைத்தால் தயங்காமல் 'ஐ' என்று போடும். என் மருமகனுக்கு முதல் முறை வந்த 'ஐ' யும் இவருக்கு வரக்கூடிய 'ஐ' யும் ஒரே எழுத்து. தனிமையில் இளைப்பாறுபவரையும், பேசினால் என்ன வருமோ என்று பழகிப்போனவரையும் ஒரே பெட்டிக்குள் போடும் கருவியை வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். வயதானவர் ஒருவர் சில மாதங்களுக்குள் கூச்சமற்றவராகவோ கடும் சிடுசிடுப்புடையவராகவோ மாறினால், அதையும் ஆளுமைக் கணக்கில் எழுதாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். முன்மூளையைப் பாதிக்கும் மறதிநோய் வகையொன்று ஞாபகத்தைத் தொடுமுன் குணத்தையே தொடுகிறது.

விரும்பி மாற முடியுமா என்பதே மருமகன் கடைசியாகக் கேட்டது. சிகிச்சை உள்ளிட்ட 207 ஆய்வுகளைத் திரட்டி றொபேர்ட்ஸ் குழுவினர் 2017 இல் வெளியிட்ட தொகுப்பில், சராசரியாக 24 வாரச் சிகிச்சையில் அளக்கத்தக்க மாற்றம் காணப்பட்டது. மிகுதியாக மாறியது உணர்ச்சித் தளம்பல். சிகிச்சை இல்லாமலும் ஓரளவு இயலும். நேதன் ஹட்சன் குழுவினர் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், பங்குபற்றியோர் 15 வாரங்கள், வாரந்தோறும் சிறு செயல்களைத் தாமே தெரிந்தெடுத்தனர். கடைக்காரருக்கு வணக்கம் சொல்வது போன்ற அளவிலான செயல்கள்தான். அவற்றைச் செய்து முடித்தவர்கள் விரும்பிய திசையில் நகர்ந்தனர். தெரிந்தெடுத்துவிட்டுச் செய்யாமல் விட்டவர்களிடம் அந்த மாற்றம் தோன்றவில்லை. மருமகன் இப்போது வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறிக்காரரிடம் சிங்களத்தில் விலை கேட்கப் பழகுகிறான். முதல் வாரம் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டு வந்துவிட்டானாம்.